பட்டுக்கூட்டில் ஜிமிக்கி

கேள்வி: பட்டுக்கூட்டில் ஜிமிக்கி செய்து பழகுகிறேன். சாயம் போட்டால் கூடு தொளதொளவென்று ஆகிறது. பார்சலில் அனுப்பினால் நசுங்குகிறது. என்ன செய்யலாம், அக்கா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறீர்கள், அல்லது அழுக்குப் போக சோடா போடுகிறீர்கள். சரிதானே? கூட்டை விறைப்பாக வைத்திருப்பது செரிசின் என்ற பசை. இரண்டுமே அதைக் கரைத்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும், சாயத்தோடு கொஞ்சம் வினிகர் விடுங்கள். நிழலில் காய வையுங்கள்.

தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறதே என்று நூற்புக்குப் போகும் நல்ல கூட்டை வாங்கி வெட்டாதீர்கள், வயிறு எரியும்! பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டிலிருந்து ஒரே இழையாக நூல் எடுக்க முடியாது. நமக்கு அதுதான் தோது. உள்ளே இருக்கும் தோலை, தூசியைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டு வரும்.

எனக்குப் பிடித்த வேலை உரிப்பதுதான். கூட்டைக் குறுக்கே வெட்டி, ஓரத்தை நகத்தால் நெருடினால் ஏடு ஏடாகப் பிரியும். வெளி ஏடு சொரசொரப்பு, உள் ஏடு வழவழப்பு. ஒரே சாயத்தில் இரண்டும் வேறு வேறு நிறம் காட்டும். அதைப் பார்க்க உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது.

பார்சலுக்குத் துணி உறை வேண்டாம். அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு அட்டையில் துளையிட்டு ஜிமிக்கியை மாட்டுங்கள். குழிவுக்குள் பஞ்சு வையுங்கள். அப்புறம் பெட்டியை ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் காகிதம் திணியுங்கள்.