உச்ச விசை மட்டும் பொருந்தினால் போதுமா? பி.ஆர்.பி. பிரேஸின் ஹார்டனிங்

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஐந்து மாடி எஃகுக் கட்டடம். பக்கிள் ஆகாதபடி (அமுக்கத்தில் வளைந்து நொடிக்காதபடி) உறையிட்ட மூலைவிட்ட பிரேஸை, அதாவது பி.ஆர்.பி.யை, ஓப்பன்சீஸ் என்ற பகுப்பாய்வு மென்பொருளில் ஸ்டீல்02 என்ற எஃகு மாதிரியைக் கொண்டு மாடல் செய்கிறேன். பி மதிப்பை, அதாவது யீல்ட் ஆன (நிரந்தரமாக உருமாறத் தொடங்கிய) பிறகுள்ள விறைப்புக்கும் தொடக்க விறைப்புக்கும் உள்ள விகிதத்தை, 0.03 வரை ஏற்றினால்தான் சோதனையின் உச்ச விசை வருகிறது. அப்படியே விடலாமா? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: விடாதீர்கள். விசை சரியாக வரும், கட்டடம் பொய் சொல்லும். பி.ஆர்.பி. சட்டகத்தின் பெரிய பலவீனம், நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் மிஞ்சி நிற்கும் சாய்வு. பி-யை ஏற்றினால் யீல்டுக்குப் பிந்தைய விறைப்பு கூடி, மாடல் தானாக நிமிர்ந்துகொள்ளும். அந்தச் சாய்வு குறைவாகத் தெரியும்.

சோதனை லூப்பை (இழுத்து அமுக்கும் சுற்றுகளின் விசை-நீட்சி வரைபடத்தை) பாருங்கள். ஒரே அளவு ஸ்ட்ரெயினில் (நீளத்துக்கு எவ்வளவு நீட்சி என்ற விகிதத்தில்) இரண்டாம் சுற்று முதல் சுற்றைவிட உயர்ந்தால் அது ஐசோட்ரோபிக் ஹார்டனிங் (யீல்டுக்குப் பின் எஃகு இறுகுவதில் ஒரு வகை). யீல்ட் எல்லையே வீங்குகிறது. பி தருவது கைனமாட்டிக். எல்லை நகரும், வீங்காது. ஆகவே பெரிய சுற்றுகளின் நேர்ப்பகுதிச் சரிவிலிருந்து மட்டும் பி-யை எடுங்கள், பெரும்பாலும் 0.01-க்குள் நிற்கும். மீதி ஏற்றத்தை ஏ1 முதல் ஏ4 வரை உள்ள எண்களுக்கு விடுங்கள். கொடுக்காவிட்டால் ஸ்டீல்02-வில் ஐசோட்ரோபிக் ஹார்டனிங் இருக்காது. ஏ1 அமுக்கத்துக்கு, ஏ3 இழுவைக்கு. அமுக்கத்தில் கோர் (பிரேஸின் உள்ளே யீல்ட் ஆகும் எஃகுப் பகுதி) தடித்து, உறைக்குள் நிரப்பிய மோர்ட்டாரை உரசுவதால் விசை கூடுதலாக வரும். இரண்டுக்கும் ஒரே எண் போடாதீர்கள்.

ஒரு குறை உண்டு. ஸ்டீல்02 இதுவரை கண்ட ஸ்ட்ரெயின் வீச்சை மட்டுமே பார்க்கிறது. வீச்சு மாறாத நீண்ட சுற்றுகளில் சோதனை ஏறும், மாடல் ஏறாது. அங்கே ஸ்டீல்4 மேல். அது திரண்ட பிளாஸ்டிக் ஸ்ட்ரெயினைக் கணக்கில் வைக்கிறது.

யீல்ட் மதிப்பைக் கூப்பன் சோதனையிலிருந்து (தகட்டில் வெட்டிய துண்டை இழுத்துப் பார்ப்பது) எடுங்கள். ஈ250 தர எஃகுத் தகட்டின் 250 மெகாபாஸ்கல் குறைந்தபட்சம் மட்டுமே.

பலர் சறுக்குவது நீளத்தில். மாடி 3.5 மீட்டர், பிரேஸ் 45 டிகிரி என்றால் மூலை முதல் மூலை வரை ஏறக்குறைய 5 மீட்டர். யீல்ட் ஆகும் கோர் 3.5 மீட்டர்தான் என்று வையுங்கள். மாடி உயரத்தில் 2 சதவீதச் சாய்வில் பிரேஸ் ஏறத்தாழ 49 மி.மீ. நீளும். கோரில் ஸ்ட்ரெயின் 1.4 சதவீதம், முழு நீளத்துக்கு ஒரே டிரஸ் எலிமெண்ட் (நீளவாட்டு விசையை மட்டும் தாங்கும் உறுப்பு) போட்டால் 1 சதவீதம்தான் காட்டும். முனைகளின் பரப்பு கோரைப்போல் மூன்று மடங்கானால் விறைப்பு 5/(3.5 + 1.5/3) = 1.25 மடங்கு. ஈ-யை (எஃகின் மீள்மைக் கெழுவை) அவ்வளவு உயர்த்துங்கள். கோரின் பி 0.005 என்றால் டிரஸ்ஸுக்கு 0.0057. ஏ எண்களையும் இந்த டிரஸ்ஸை வைத்தே மறுபடி பொருத்துங்கள். தொந்தரவு தவிர்க்க மூன்று துண்டாகப் பிரித்தால், முனைத்துண்டுகளை மூலையில் ‘பின்’ (சுழலும் மூட்டு) ஆக விடக்கூடாது; துண்டுகள் சேரும் நடுக் கணுக்கள் தள்ளாடி விறைப்பு அணி (மேட்ரிக்ஸ்) சிங்குலர், அதாவது தீர்க்க முடியாதது, ஆகிவிடும்.

தூண், இணைப்புத் தகடுகளைப் பகுப்பாய்வு தந்த சராசரி விசைக்கு மட்டும் வடிவமைக்காதீர்கள். சோதனையின் உச்ச இழுவை, உச்ச அமுக்கம் இரண்டையும் தனித்தனியாக வைத்துச் சரிபாருங்கள்.