மொட்டை மாடித் தொட்டியில் மின்சாரம் உண்டா? – கேள்வி பதில்

கேள்வி (பெரம்பூர்): ஐயா, எங்கள் குடியிருப்பில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சிறிய டர்பைன் பொருத்தினால், படிக்கட்டு விளக்காவது இலவசமாக எரியாதா?

பதில்: எரியும், இலவசமாக அல்ல. ஆயிரம் லிட்டர் தொட்டி, உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை 1,000 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 10: 1,000 × 9.8 × 10 = 98,000 ஜூல் ஆற்றல். ஒரு யூனிட் என்பதோ 36 லட்சம் ஜூல். தொட்டி முழுவதும் காலியானாலும், எதுவும் வீணாகாவிட்டாலும், 9 வாட் எல்இடி பல்பு ஒன்று மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் இதைவிட அதிக மின்சாரம் குடித்திருக்கும். போதாததற்கு, டர்பைன் எடுத்துக்கொள்ளும் அழுத்தம் உங்கள் குளியலறைக் குழாயில் குறையும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கேள்வி (வியாசர்பாடி, பிளஸ் ஒன் மாணவி): அணைக் கணக்கில் நிலை ஆற்றலையும் இயக்க ஆற்றலையும் கூட்டினேன். விடை சரியாக இரண்டு மடங்காக வருகிறது. ஏன்?

பதில்: ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணிவிட்டாய் அம்மா. மேலே நிலை ஆற்றலாக இருந்ததுதான் கீழே இயக்க ஆற்றலாக வந்து நிற்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் எடு.

இன்னொன்றையும் கவனி. நிரம்பிய குழாயின் விட்டம் மாறாவிட்டால், கீழே வரவர நீரின் வேகம் கூடுவதில்லை; மேலே பாய்கிற அதே வேகம்தான். இழந்த உயரம் அழுத்தமாகச் சேர்கிறது, 10 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அடியில் உள்ள குறுகிய முனையில்தான் அந்த அழுத்தம் வேகமாக மாறிப் பீறிடும். 1932 முதல் இயங்கும் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இப்படிப் பீறிடும் நீர்தான் விளிம்பில் கிண்ணங்கள் பொருத்திய டர்பைனான பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. கிண்ணம் நீரின் பாதி வேகத்தில் நகர்ந்தால், திரும்பி வெளியேறும் நீரில் வேகம் அநேகமாக மிஞ்சாது. சோர்ந்து கீழே விழும். வேகத்தோடு வெளியேறினால் அந்த ஆற்றல் நமக்கு நஷ்டம்.

கேள்வி (தண்டையார்பேட்டை): பக்கிங்காம் கால்வாயில் டர்பைன் போடலாமா?

பதில்: சரிவே இல்லாத கால்வாய். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஒரு சதுர மீட்டருக்கு 62 வாட்தான். அதையும் முழுதாகப் பிடிக்க முடியாது. முதல் வாரமே ஆகாயத்தாமரை சுற்றிக்கொள்ளும்.

கேள்வி (திருவொற்றியூர்): அப்படியானால் புழல் ஏரி? அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே!

பதில்: தண்ணீர் இருக்கிறது, உயரம் எங்கே? கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு ஆழம் 21.20 அடி. ஒவ்வொரு துளியும் அந்த 21 அடியும் முழுதாக விழுகிறது என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் சுமார் 16 லட்சம் யூனிட். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் மட்டும் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. அவை முழுத் திறனில் ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் அவ்வளவையும் தந்துவிடும். இதற்காக ஊர் குடிக்கும் ஏரியைக் காலி செய்வார்களா?

கேள்வி (எண்ணூர்): கோவை மாவட்டத்துக் கடம்பாறை நீர்மின் நிலையத்தில் தண்ணீரை மேலே ஏற்றி மறுபடி இறக்குகிறார்களாமே, அது நஷ்டம் இல்லையா?

பதில்: யூனிட் கணக்கில் நஷ்டம்தான். இத்தகைய நிலையங்களில் நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்றுதான் திரும்பும். ஆனால் ஏற்றுவது மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் நேரத்தில். இறக்குவது ஊரே விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில். அந்த நேரத்தில் 400 மெகாவாட் சில நிமிடங்களில் கைக்கு வரும். கொதிகலனை மூட்டி நிலக்கரி அலகைக் கிளப்ப மணிக்கணக்காகும்.