பொலிஸ் மா அதிபர் யாருடைய ஆள்?

அன்புள்ள ஐயா,

பொலிஸ் மா அதிபர் நியமனத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். அந்தப் பதவியில், அதாவது நாட்டின் பொலிஸ் தலைமையில், இருந்த தேசபந்து தென்னகோனைப் பாராளுமன்றமே நீக்கிவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது. நாட்டை ஆள்பவர் தமக்கு நம்பிக்கையானவரைத்தானே அந்த நாற்காலியில் வைப்பார்? தோட்ட லயத்தில் இருப்பவனுக்குக் காணி இல்லை, சம்பளம் போதவில்லை. கொழும்பில் யார் பொலிஸ் மா அதிபராக இருந்தால் நமக்கென்ன?

ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

காணியும் சம்பளமும் முதலில் வர வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். அவற்றைக் கேட்டு வீதியில் உட்காரும் நாளில் நம் எதிரே நிற்கப்போவது பொலிஸ்தான். அவர்களுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

ஆள்பவருக்கு நம்பிக்கையானவர் என்ற கணக்கு என்ன செய்யும் என்பதை 2019இல் பார்த்தோம். 2018 ஒக்டோபரில் பிரதமரை ஜனாதிபதி நீக்கியதால் எழுந்த அரசியல் குழப்பத்துக்குப் பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவைப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் தாக்குதல் எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பதவி விலகினால் தூதுவர் பதவி தருவதாக ஜனாதிபதி சொன்னார் என்று பூஜித் பின்னர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவரை நான் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, சிறிசேனவை 10 கோடி ரூபாயும் பூஜித்தை 7.5 கோடி ரூபாயும் நஷ்டஈடு கட்டச் சொன்னது. தேவாலயங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு இவர்களுடைய மனக்கசப்போடு என்ன சம்பந்தம்?

தேசபந்து தென்னகோன் விவகாரம் அதைவிட வெளிப்படையானது. சித்திரவதை வழக்கொன்றில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவைப் பணித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். இரண்டே மாதங்களில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவரை நிரந்தரமாக்கினார். இத்தகைய நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையில் ஆதரவு 4, எதிர்ப்பு 2, இருவர் வாக்களிக்கவில்லை. சட்டம் கேட்பது குறைந்தது 5. வாக்களிக்காத இருவரையும் எதிர்ப்பில் சேர்த்து, சமநிலை என்று சொல்லி, சபாநாயகர் தம் வாக்கைப் போட்டு ஐந்தாக்கினார். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவர் பதவியில் செயற்பட உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தடை விதித்தது. பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியபோது 2025 ஓகஸ்ட் ஆகிவிட்டது. ஒரே வாக்கில் ஏற்றியவரை இறக்க நீதிமன்றம், விசாரணைக் குழு, பாராளுமன்றம் எல்லாம் தேவைப்பட்டன. விஷயம் முடிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி உங்கள் "நமக்கென்ன" என்ற கேள்வி. 2023 மே மாதம், கொழும்பில் வீட்டு வேலை செய்த பதுளைப் பெண் ஒருவர் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இறந்தார். வேலை செய்த வீட்டில் நகை காணவில்லை என்பது முறைப்பாடு. நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் அப்படி வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்! சித்திரவதைத் தீர்ப்பு வாங்கியவரைத் தலைமைக்கு உயர்த்தும்போது ஒவ்வொரு நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கும் ஒரு செய்தி போகிறது: அடித்தாலும் பதவி வரும், ஆதரவு இருந்தால் போதும். ஹட்டனில் இருப்பவரும் அதைக் கேட்கிறார், மஸ்கெலியாவில் இருப்பவரும் கேட்கிறார். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வரும் நம்மவர்களுக்கு அந்தச் செய்தியின் எடை மற்றவர்களைவிட அதிகம்.

இன்றைய ஆட்சி உங்களுக்குப் பிடித்ததாக இருக்கலாம். அடுத்த பொலிஸ் மா அதிபரின் பெயர் பேரவைக்குப் போகும்போது, அவர் மீதுள்ள தீர்ப்புகளையும் முறைப்பாடுகளையும் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும், யார் எப்படி வாக்களித்தார் என்பதையும் சேர்த்து. நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் இதைக் கேட்டு எழுதுகிறேன். உங்கள் கையெழுத்தும் அதில் இருந்தால் மகிழ்வேன்.