கிறிஸ்தவம் கூறும் மன்னிப்பைப் பிறரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

மனம் நொந்திருக்கும் ஒருவரிடம் இயேசு கற்பித்த மன்னிப்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "நீங்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டும்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் எதற்காக மன்னிக்கப்பட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவிடம், உடன்பிறந்தவரே ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி வீட்டை எழுதிக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போன நான், எத்தனை முறை மன்னிப்பது என்று சீடர் பேதுரு கேட்டதையும், "ஏழெழுபதுதரமட்டும்" (ஏழு எழுபது முறை வரை) என்று இயேசு பதில் அளித்ததையும் எடுத்துரைத்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர், கையை நிறுத்தாமலேயே, "உனக்கு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தபோதுதான், அந்த வசனத்துக்கு அடுத்து வரும் கதையை நான் சொல்லாமல் விட்டது உறைத்தது. அதில் அரசன் ஓர் ஊழியனுக்குத் தள்ளுபடி செய்யும் கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி என்பதால், மொத்தம் 6 கோடி நாள் கூலி; எத்தனை பிறவி உழைத்தாலும் தீராது. அதே ஊழியன் வெளியே வந்து, தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். அந்த 100 நாள் கூலியும் ஏழைக்குச் சின்னத் தொகை அல்ல என்பதைக் கவனியுங்கள். நமக்கு நேர்ந்த அநியாயம் அற்பமானது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்திலும், சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரில் பலர் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றே வேண்டுகிறோம். கத்தோலிக்கர் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்கிறார்கள். பொறுத்தல் என்ற சொல்லில் சுமப்பதும் அடங்கியிருப்பதால், எனக்கு அது இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது.

மன்னிப்பு என்றால் வழக்கைக் கைவிடுவது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்துவந்த கிரகாம் ஸ்டெயின்சும், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமொத்தேயுவும் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னதோடு, 2004 வரை அவர்கள் பணிசெய்த பாரிபடா நகரிலேயே தங்கி அந்த நோயாளிகளைக் கவனித்தார். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது; முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் மன்னிப்பைக் காட்டித் திரும்பிப் போகச் சொல்பவர்கள் நற்செய்தியைச் சொல்லவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சில மாதங்கள் கழித்து அந்த அக்காவிடம் வேறொன்றைச் சொன்னேன். கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா கொடுத்த பணத்தை நான் நண்பர்களோடு செலவழித்ததையும், அதை அறிந்த அப்பா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் மறுபடி கடன் வாங்கிக் கட்டியதையும், அந்த இரவில்தான் சிலுவை எனக்கு விளங்கியது என்பதையும் சொன்னேன். அன்று அவர் கை நின்றது. "அதற்குப் பிறகு உன்னை நம்பினாரா?" என்று கேட்டார். அடுத்த தவணைப் பணத்தையும் என் கையில்தான் கொடுத்தனுப்பினார் என்றேன்.