கனடாவுக்குக் குடிபெயரும்போது கையில் எவ்வளவு பணம் கொண்டு போகலாம்? அறிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியில் சொல்லியிருப்பது இது: பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வந்துவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் சென்னையிலிருந்து டொராண்டோ வருகிறீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த மனையை விற்றதில் சுமார் 40 லட்சம் இருக்கிறது. "டாலரா மாத்திப் பையில வச்சுட்டுப் போயிடுங்க மாப்பிள்ளை, ஏர்போர்ட்ல சொன்னா வரியப் போட்டுத் தீட்டிருவான்" என்கிறார் மாமனார்.

மாமனாரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் சொன்ன இரண்டுமே தவறு. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

முதலில் வரி. கனடாவுக்குள் நீங்கள் கொண்டுவரும் சொந்தப் பணத்துக்கு எல்லையில் வரி கிடையாது. கட்டணமும் கிடையாது. எவ்வளவு கொண்டுவரலாம் என்பதற்கும் கனடா உச்சவரம்பு வைக்கவில்லை. 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சரியாகப் பத்தாயிரம் இருந்தாலும் சொல்ல வேண்டும். (அமெரிக்காவில் பத்தாயிரத்தைத் தாண்டினால்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டு விதியையும் கலந்து பேசுகிறவர்கள் நிறைய.) எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும் கனடிய டாலர் மதிப்பில் கணக்கு. நோட்டு மட்டும் இல்லை. வங்கி டிராஃப்ட், காசோலை, டிராவலர்ஸ் செக், மணி ஆர்டர், பங்குப் பத்திரம் எல்லாமே இதில் சேரும்.

இந்த டிராஃப்ட் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பர்ஸில் இரண்டாயிரம் டாலர் நோட்டு, ஃபைலுக்குள் இருபதாயிரம் டாலருக்கு டிராஃப்ட். கேட்டால் "கேஷ் இல்லையே, அது பேப்பர்தானே" என்பார்கள். அதிகாரிக்கு அது இருபத்திரண்டாயிரம். ஃபோரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றிய தொகை இந்தக் கணக்கில் வராது. இருந்தாலும் மொத்தம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு உண்மையான வேலி டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இல்லை, மீனம்பாக்கத்தில் இருக்கிறது. இதை யாரும் சொல்வதே இல்லை. இந்தியாவிலிருந்து கிளம்பும் ஒருவர், கனடா போன்ற நாட்டுக்கு, ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குத்தான் வெளிநாட்டு நோட்டாக வாங்கிக்கொண்டு போகலாம். இது ரிசர்வ் வங்கியின் விதி. மீதியை கார்டாகவோ டிராஃப்டாகவோ வங்கி மாற்றலாகவோதான் கொண்டுபோக வேண்டும். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை போகலாம். மூவாயிரம் அமெரிக்க டாலர் என்பது கனடிய டாலரில் சுமார் நாலாயிரம். அதாவது விதிப்படி கிளம்பும் ஒருவரிடம் வெறும் நோட்டாகப் பத்தாயிரம் கனடிய டாலர் சேரவே சேராது. சேர்ந்திருந்தால், அதிகாரபூர்வ அந்நியச் செலாவணி முகவரிடம் வாங்காமல் வேறு எங்கோ வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாமனார் யோசனையை இப்போது நினைத்துப் பாருங்கள். பையில் கட்டுக்கட்டாக டாலர் நோட்டு. சென்னையில் ஸ்கேனரில் தெரிந்தால் சுங்கத்துறை பறிமுதல் செய்யும். அதன் பிறகு நோட்டீஸ், விசாரணை, வக்கீல். பயணமே நின்றுபோகலாம். சென்னையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். டொராண்டோவில் அறிவித்தால், "எங்கே வாங்கினீர்கள், ரசீது இருக்கிறதா?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அறிவிக்காவிட்டால் அந்த நாட்டுச் சட்டத்தையும் மீறியவர் ஆகிறீர்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு புது நாட்டில் இறங்கும் நாளில் அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

அறிவிக்காமல் பிடிபட்டால் என்ன நடக்கும்? பணத்தை அங்கேயே பறிமுதல் செய்வார்கள். நேர்மையான பணம்தான், சொல்லாமல் விட்டது மட்டுமே தவறு என்றால் அபராதம் கட்டி மீட்கலாம். ஒளித்து வைத்திருந்தாலோ பொய் சொன்னாலோ அபராதம் கூடும். குற்றத்தில் வந்த பணம் என்று சந்தேகம் வந்தால் திருப்பித் தரவே மாட்டார்கள். முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. இதற்கெல்லாம் மேலே, உங்கள் பெயருக்கு எதிரே ஒரு பதிவு விழும். இனி ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தனியாக நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்ல அது ஒன்று போதும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. ஹோசெப் பஜகாஜியன் என்பவர் சிரியாவில் ஆர்மீனியச் சிறுபான்மைக் குடும்பத்தில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1994-இல் மனைவி மகள்களோடு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சைப்ரஸுக்குக் கிளம்பினார். பணத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் அவர் ஏற்றிவிட்ட பெட்டியில் 2,30,000 டாலரைக் கண்டுபிடித்தன. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு 15,000 என்றார்கள். எல்லாம் சோதித்து முடித்தபோது மொத்தம் 3,57,144 டாலர். அந்தப் பணம் சட்டப்படி வந்தது, நியாயமான கடனை அடைக்கக் கொண்டுபோகிறார் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அரசாங்கத்திடம் சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பயத்தில்தான் அவர் மறைத்தார். முழுத் தொகையையும் பறிக்கக் கேட்டது அமெரிக்க அரசு. அந்தத் தவறுக்கு இது மிதமிஞ்சிய தண்டனை என்று 1998-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். நேர்மையாகச் சம்பாதித்த மனிதர், ஒரு படிவத்தை நிரப்பாததால் நான்கு வருடம் அல்லாடினார். உங்கள் மாமனாரின் பயமும் அதே பயம்தான். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதைக் கேட்டு நடக்கவும் முடியாது.

அறிவிப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பயம் தெளியும். விமான நிலையக் கியாஸ்க்கில் (தொடுதிரை இயந்திரம்) கேள்விகள் வரும். அதில் ஒன்று, 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் அல்லது பணப் பத்திரங்கள் கொண்டுவருகிறீர்களா என்பது. "ஆம்" என்று அழுத்துங்கள். குடிவரவு அறையில் பி.ஆர். வேலை முடிந்ததும் சுங்கப் பகுதிக்கு அனுப்புவார்கள். அங்கே ஈ677 என்ற படிவம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், தொழில், கனடா முகவரி, பணம் யாருடையது, எந்த நாட்டு நாணயத்தில் எவ்வளவு, டிராஃப்ட் என்றால் அதன் விவரம். நாங்கள் வந்திறங்கியபோது என்னிடம் டிராஃப்ட் இருந்தது. எங்கிருந்து வந்த பணம் என்று அங்கிருந்த சுங்க அதிகாரி அம்மா கேட்டார். இடம் விற்றது என்று சொல்லி, கிரயப் பத்திர நகலையும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தாளையும், தொகை வரவான வரியில் மஞ்சள் மார்க்கர் அடித்த வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வைத்தேன். மஞ்சள் வரியையும் டிராஃப்டையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை குத்தி நகலைக் கையில் கொடுத்து, "கனடாவுக்கு நல்வரவு" என்றார். பெட்டிகளில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலுக்குத்தான் அதைவிட அதிக நேரம் போனது.

அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். கனடாவில் வங்கியில் பத்தாயிரம் டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் வங்கி அதை ஃபின்ட்ராக் என்ற, கறுப்புப் பணத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்குத் தெரிவிக்கும். வெளிநாட்டிலிருந்து அந்த அளவுக்கு மாற்றல் வந்தாலும் தெரிவிக்கும். இதெல்லாம் வழக்கமான பதிவு, உங்கள் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. நாளைக்கு வீடு வாங்கும்போது முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் கொடுப்பவர் கேட்பார். அப்போது முத்திரை குத்திய அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

"ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டால் சொல்ல வேண்டாமே" என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவிப்பிலிருந்து தப்பிப்பதற்கென்றே பிரிப்பது அமெரிக்காவில் தனிக் குற்றம். அங்கே ஒரே அறிவிப்பில் வரும் குடும்பத்தின் பணத்தைச் சேர்த்தே பார்ப்பார்கள். கனடாவில் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். என் கருத்து, குடும்பத்தின் மொத்தம் பத்தாயிரத்தைத் தொட்டால் சொல்லிவிடுங்கள். சொல்வதால் நஷ்டமே இல்லாத இடத்தில் எதற்குக் கணக்குப் போட்டு ஒளிய வேண்டும்?

சரி, 40 லட்சத்தை எப்படிக் கொண்டுவருவது? வங்கி வழியாக. இந்தியாவில் வசிக்கும் ஒவ்வொருவரும் எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தில் வெளிநாட்டுக்கு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். பான் எண், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று வங்கியில் எழுதிக் கொடுக்கும் ஏ2 படிவம், சொந்தக் கணக்கில் பணம், இவ்வளவு போதும். ஏற்கெனவே கனடாவில் கணக்கு இல்லையென்றால், வருவதற்கு முன்பே இந்தியாவிலிருந்தபடி கணக்கு தொடங்கவிடும் வங்கிகள் உண்டு. புதிதாகக் குடியேறுபவர்களுக்கு என்றே திட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டால் டிராஃப்டைச் சுமக்கும் வேலையும் இல்லை, அது தீர்வாகும் வரை வங்கி நிறுத்திவைக்கும் தலைவலியும் இல்லை.

டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமனார் வரி என்று கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். 2025 ஏப்ரல் முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வங்கி பிடிக்கும். 40 லட்சத்தையும் நீங்கள் ஒருவரே ஒரே ஆண்டில் அனுப்பினால் 6 லட்சம் பிடிப்பார்கள். அது தொலைந்த பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். ஆனால் புது நாட்டில் கால் ஊன்றும் நேரத்தில் 6 லட்சம் முடங்குவது பெரிய விஷயம். நீங்களும் மனைவியும் தனித்தனியாக, மார்ச் மாதத்தில் ஆளுக்குப் பத்து லட்சம், ஏப்ரலில் ஆளுக்குப் பத்து லட்சம் என்று அனுப்பினால் ஒரு ரூபாய் கூடப் பிடிக்க மாட்டார்கள். இது ஒளிவுமறைவு இல்லை, சட்டமே ஆளுக்கும் ஆண்டுக்கும் தனித்தனி வரம்பு கொடுத்திருக்கிறது. மனைவி கணக்குக்கு நீங்கள் கொடுத்ததை அன்பளிப்பு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயணத் தேதி கைக்குள் இருந்தால் இதை யோசித்து டிக்கெட் போடுங்கள்.

எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன் முடிப்பது நல்லது. குடியேறக் கிளம்பிய பின் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் இல்லை, எல்.ஆர்.எஸ். பொருந்தாது. கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அதிலிருந்தும் ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம், ஆனால் ஆடிட்டர் சான்றிதழ், கூடுதல் படிவங்கள் என்று வேலை நீளும்.

ஒன்றை நேரடியாகக் கேட்கிறேன். மனை விற்ற தொகை முழுவதும் வங்கியில் வந்ததா? பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகையை அபராதமாகக் கேட்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் வாங்கிய பங்கு இருந்தால் உண்டியல்காரரை (வங்கிக்கு வெளியே ஹவாலா வழியில் பணம் அனுப்புபவர்) தேடாதீர்கள், நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். உண்டியலில் வந்த பணத்துக்கு இங்கே யாரிடமும் பதில் சொல்ல முடியாது.

குடியேற்ற நிதியைக் கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நினைத்தும் சிலர் பணத்தைச் சுமக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் அந்தத் தொகை 2025 ஜூலை கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362 கனடிய டாலராக இருந்தது. அது உங்களிடம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்தான் வேண்டும், நோட்டுக்கட்டு வேண்டாம். வங்கிக் கடிதம் போதும். முதல் சில வாரச் செலவுக்கு உங்கள் இருவரிடமும் கொஞ்சம் நோட்டும் ஒரு ஃபோரெக்ஸ் கார்டும் இருந்தால் தாராளம். டாலர் வாங்கிய ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நகை. பணத்தைத் தங்கமாக மாற்றிக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கென்று வாங்க வேண்டாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் நகைகளைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். குடியேறுபவர் முன்பே வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கு வரி இல்லை. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நகைக்கடை மதிப்பீட்டாளரிடம் எடையும் மதிப்பும் எழுதி வாங்கி, கொண்டுவரும் பொருள்களைப் பட்டியலிடும் பி.எஸ்.எஃப்.186 படிவத்தில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். இப்போது கொண்டுவராமல் அம்மா வீட்டு லாக்கரில் விட்டுவரும் நகையையும் "பின்னால் வரும் பொருள்" என்ற பகுதியில் எழுதுங்கள், அடுத்த முறை கொண்டுவரும்போது வரி கேட்க மாட்டார்கள். வரியில்லாமல் வந்ததை 12 மாதத்துக்குள் விற்றால் மட்டும் வரி கட்ட வேண்டி வரும். சென்னையில் கிளம்பும்போது சுங்கத்துறையிடம் நகைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், கல்யாணம் காட்சி என்று அதே நகையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகும்போது அங்கேயும் தொந்தரவு இருக்காது. அதற்காக அன்றைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள்.