ஒரு லட்சம் பேர் உள்ள நாட்டைப் படித்து என்ன ஆகப் போகிறது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆக்லாந்தில் பள்ளியின் இறுதி ஆண்டான பதின்மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். உயிரியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண். ஆனால் பல்கலைக்கழகத்தில் வரலாறும் பசிபிக் கற்கைகளும் எடுத்து, டோங்கா நாட்டின் ஊடகம் பற்றி ஆராய்ந்து, பிறகு பத்திரிகைத் துறைக்குப் போவதாகச் சொல்கிறாள். "ஒரு லட்சம் பேர் உள்ள தீவைப் படித்து என்ன ஆகப் போகிறது? எங்கள் வரலாறே எழுத ஆளின்றிக் கிடக்கும்போது அடுத்தவர் வரலாறு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதிய ஒரு வரி இருந்தது: "பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு ஊரில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்."

அந்த வரிக்கே முதலில் பதில் எழுதுகிறேன். 2006 மே மாதம் யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றதை அறிந்த தாய்க்கு, மகள் செய்தியாளர் ஆகப் போகிறேன் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மகள் படிக்க விரும்பும் நாட்டின் கதை வேறு வழியில் போயிருக்கிறது. அதை நீங்களும் தெரிந்துகொண்டால் அவளோடு பேச ஒரு தளம் கிடைக்கும்.

டோங்காவை எந்த ஐரோப்பிய நாடும் காலனியாக ஆண்டதில்லை. 1900 முதல் 1970 வரை பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் இருந்தது. அப்போதும் அரசர் அரசராகவே இருந்தார். முதலாம் ஜார்ஜ் டுப்போ 1862-இல் குடிமக்களைப் பிரபுக்களின் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தார். 1875 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பைப் பிரகடனம் செய்தார். அதன் ஏழாவது பிரிவு, பேசவும் எழுதவும் அச்சிடவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் எக்காலத்திலும் இயற்றப்படாது என்கிறது. அவதூறுச் சட்டத்துக்கும் அரசரையும் அரச குடும்பத்தையும் காக்கும் சட்டங்களுக்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். இதை எழுதியது ஒரு முடியரசு. எழுதிய பிறகு நூறு ஆண்டுக்கு மேல் அந்த வரியை யாரும் பெரிதாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்தவர் கல்வித் துறை ஆசிரியர் ஒருவர். அகிலிசி போஹிவா வானொலியில் அரசை விமர்சித்ததற்காக 1985-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீதிமன்றம் போனார், 1988-இல் வென்றார். அதற்குள் 'கெலேயா' என்ற செய்தி இதழைத் தொடங்கி, 1987-இல் நாடாளுமன்றத்துக்கும் போய்விட்டார். 1996-இல் நாடாளுமன்றம் தன்னை அவமதித்ததாகச் சொல்லி அவருக்கும், 'டைமி ஓ டோங்கா' பத்திரிகையின் வெளியீட்டாளர் கலாஃபி மோவாலாவுக்கும், அதன் துணை ஆசிரியர் ஒருவருக்கும் முப்பது நாள் சிறை விதித்தது. அமைச்சர் ஒருவர் மீதான குற்றச்சாட்டை, அது அவையில் வைக்கப்படுமுன் பத்திரிகை வெளியிட்டதுதான் குற்றம். முப்பது நாள் முடியுமுன் உச்ச நீதிமன்றம் மூவரையும் வெளியே விட்டது. 2003-இல் அரசு அந்தப் பத்திரிகை நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. நீதிமன்றம் தடையை நீக்கியது. அரசு புதிய ஊடகச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 2004 அக்டோபரில் அவற்றையும் நீதிமன்றம் செல்லாது என்றது. தடை, ஊடகச் சட்டங்கள் இரண்டிலும் அந்த 1875-ஆம் ஆண்டு வரிதான் மேசைக்கு வந்தது.

எல்லாம் அமைதியாகப் போய்விட்டதாக நான் காட்டவில்லை. 2006 நவம்பர் 16 அன்று தலைநகர் நுக்குவாலோஃபாவின் கடைவீதி பெரும்பகுதி எரிந்தது; உயிர்களும் போயின. அதற்குப் பின்னரே 2010-இல் அரசியலமைப்பு மாறி, 26 நாடாளுமன்ற இடங்களில் 17 மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாக ஆயிற்று; மீதி 9 பிரபுக்களுடையது. சிறைக்குப் போன அந்த ஆசிரியர் 2014 டிசம்பரில் பிரதமர் ஆனார். 2019-இல் காலமாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவிக்கு வந்தபின் அவருடைய அரசே பொது ஒலிபரப்புக் கழகத்தின் செய்தியாளர்களோடு உரசியது என்பதையும் உங்கள் மகள் படிப்பாள். அந்த இடத்தை அவள் எப்படி எழுதுகிறாள் என்று பார்த்தால் போதும், அவள் நல்ல செய்தியாளர் ஆவாளா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு லட்சம் பேர் என்று கேட்டீர்கள். பெரிய நாடுகளில் ஊடகம், நீதிமன்றம், தேவாலயம், அரண்மனை, சந்தை எல்லாம் தனித்தனி உலகங்கள். அவற்றின் தொடர்பைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆயுள் போகும். டோங்காவில் ஒரே குடும்பத்தின் விருந்தில் அமைச்சரும் அவரைப் பற்றி எழுதிய செய்தியாளரும் ஒரே பாயில் உட்காருவார்கள். தந்தையின் மூத்த சகோதரிக்கு அங்கே ஃபாஹு என்ற உரிமை. நாங்கள் மாமி என்றும் தமிழ்நாட்டில் அத்தை என்றும் சொல்கிற உறவு. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் அவருக்கே முதல் இடம், சிறந்த பாய்களும் மரப்பட்டைத் துணியும் அவருக்கே. அந்த மாமியின் மகனைப் பற்றிச் செய்தி எழுத வேண்டிவந்தால் ஒருவர் என்ன செய்வார்? மரியாதையைக் குறிக்கும் ஃபக்காப்பாப்பா என்ற சொல்லே அந்தச் சமூகத்தின் தூண்; கேள்வி கேட்பது செய்தியாளரின் தொழில். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமூகம் எப்படி வழி கண்டது என்பதைப் படித்த பிள்ளைக்கு, எந்த நாட்டுப் பொதுவாழ்வையும் படிக்கும் கண் வந்துவிடும்.

அதோடு, அந்த நாட்டின் பாதி உங்கள் தெருவில் இருக்கிறது. 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் டோங்கர்கள் 82,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் ஆக்லாந்தில். இங்கிருந்து போகும் பணம்தான் அங்கே பல வீடுகளுக்கு அடுப்பு. நாட்டு வருமானத்தில் வெளிநாட்டுப் பணத்தின் பங்கைப் பார்த்தால் டோங்கா உலகிலேயே முன்வரிசையில் நிற்கும். 2003-இல் தடை செய்யப்பட்ட அந்தப் பத்திரிகை ஆக்லாந்தில் அச்சாகி விமானத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் அச்சான தமிழ்ப் பத்திரிகைகளைக் கடையில் காத்திருந்து வாங்கிய தலைமுறை நாங்கள். இது எங்களுக்குப் புரியாத கதையா?

2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை கடலுக்குள் வெடித்தபோது, ஃபிஜியிலிருந்து நுக்குவாலோஃபாவுக்கு வரும் 800 கிலோமீட்டருக்கு மேலான கடலடிக் கேபிள் அறுந்தது. நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கேபிள் அது; சீர்செய்ய ஐந்து வாரம் ஆயிற்று. அப்போது நான் தெற்கு ஆக்லாந்துப் பள்ளி ஒன்றில் பணியில் இருந்தேன். பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கியபோதும் சில பிள்ளைகள் பாட்டியின் குரலை முழுதாகக் கேட்டிருக்கவில்லை. செயற்கைக்கோள் வழியாக வந்த துண்டுத் துண்டான வார்த்தைகளைத் தாய்மார் தேவாலய வாசலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1961 முதல் ஒலிக்கும் டோங்கா வானொலி, தொலைவுத் தீவுகளுக்கு மரண அறிவித்தல்களையும் படித்துக்கொண்டிருப்பது. மாலையில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காக வீடே அமைதியாகும் அந்த நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊடகம் என்றால் என்ன என்பதை உங்கள் மகள் அனேகமாக அந்த ஆண்டில், பக்கத்து வீட்டுத் தோழியின் முகத்தில்தான் கற்றிருப்பாள். அவளிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி வேலை. இதில் உங்களுக்கு உண்மையைச் சொல்லாவிட்டால் நான் ஆலோசகராக இருந்து பயனில்லை. நியூசிலாந்தில் செய்தித் துறை சுருங்கி வருகிறது. நியூஸ்ஹப் என்ற தொலைக்காட்சிச் செய்திப் பிரிவு 2024 ஜூலையில் மூடப்பட்டது. அரசுத் தொலைக்காட்சியும் அதே ஆண்டு பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை நிறுத்தியது. செய்தியாளர் வேலை ஒன்றையே நம்பி மூன்றாண்டுப் பட்டம் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலைப் பட்டத்தோடு சட்டத்தை இணைத்து இரட்டைப் பட்டமாக எடுப்பதையே அவளுக்குச் சொல்வேன். காரணம் மேலே எழுதிய கதையிலேயே இருக்கிறது: டோங்காவின் ஊடக வரலாறு பாதி நீதிமன்றத்தில் நடந்தது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்தே சட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு எடுப்பார்கள்; எனவே முதலாண்டில் அவள் கடுமையாக உழைக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் கலைப் பட்டம் கையை விட்டுப் போகாது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளை என்பதால் புள்ளியியலில் ஒன்றிரண்டு தாள்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டவணையைப் பார்த்துப் பயப்படாத செய்தியாளருக்கு என்றும் மதிப்பு உண்டு.

இந்தப் படிப்போடு போகக்கூடிய வாசல்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வானொலி நியூசிலாந்தின் பசிபிக் பிரிவும், பசிபிக் சமூகங்களுக்கான வானொலிகளும் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சு, மனித உரிமை, குடிவரவுச் சட்டம், பள்ளி ஆசிரியப் பணி எல்லாம் உண்டு. 1970-களில் பசிபிக் மக்களின் வீடுகளில் விடியற்காலையில் நடந்த சோதனைகளுக்காக நியூசிலாந்து அரசு 2021 ஆகஸ்ட் 1 அன்று முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்த வரலாற்றை வகுப்பில் சொல்லித் தரவும் ஆள் வேண்டும்.

நான் தனியாகச் சொல்ல விரும்புவது ஆவணக்காப்பகம். மேற்குப் பசிபிக் பகுதியை நிர்வகித்த பிரித்தானிய ஆணையத்தின் கோப்புகள் ஆக்லாந்துப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கான்பெராவில் 1968 முதல் இயங்கும் பசிபிக் கையெழுத்துப்படிப் பணியகம், தீவுகளின் பழைய தாள்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துக் காக்கிறது. உப்புக்காற்றிலும் புயலிலும் காகிதம் நீண்ட நாள் நிற்காது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வேலையின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வரலாறு எழுத ஆளில்லை என்றீர்களே, ஆவணத்தைக் காக்கவும் வாய்மொழியைப் பதிவு செய்யவும் முறையாகக் கற்ற ஒருவர் நாளை எங்கள் முதியவர்களிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காரலாம். அந்தக் கைத்திறன் எந்த மக்களுக்கும் பயன்படும்.

ஒரு நிபந்தனை மட்டும் வைப்பேன்: மொழி. டோங்கன் மொழி தெரியாமல் இந்தத் துறையில் அவள் வெளியாளாகவே நிற்பாள். பிரபுவுக்கு ஒரு சொல், அரசருக்கு ஒரு சொல், மற்றவர்களுக்கு ஒரு சொல் என்று மூன்று அடுக்கு உள்ள மொழி அது. சாதாரண மனிதர் போனால் 'அலு', பிரபு போனால் 'மெஅ', அரசர் போனால் 'ஹாஎலே'. வந்தார், எழுந்தருளினார் என்று வேறுபடுத்தத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது எளிதில் பிடிபடும். பல்கலைக்கழகத்தில் வகுப்பு இருக்கிறது. அதற்கு முன்பே தோழியின் வீட்டில் தொடங்கட்டும். டோங்கர்களின் கதையை டோங்கர்களே சொல்லி வருகிறார்கள், நன்றாகச் சொல்கிறார்கள் என்பதை அவள் முதலில் உணர வேண்டும். கேட்கவும், கோப்பைத் தேடித் தரவும், உதவியாளராக நிற்கவும் முதல் சில ஆண்டுகள் அவளுக்கு மனம் வேண்டும். பின்னர் ஒரு பருவம் சுவாவில் உள்ள தென்பசிபிக் பல்கலைக்கழகத்தில் படிக்க முடிந்தால் மிக நல்லது. டோங்கா உட்பட 12 நாடுகள் சேர்ந்து நடத்தும் பல்கலைக்கழகம் அது. பத்திரிகைத் துறையும் உண்டு.

விண்ணப்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் அவள் ஒரு வேலை செய்யட்டும்: 2003 தடையைப் பற்றி அந்தக் காலத்து நியூசிலாந்துப் பத்திரிகைகள் எழுதியதை நூலகத்தில் தேடிப் படித்து, அந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் டோங்கர் ஒருவரிடம் பேசி, நான்கு பக்கம் தமிழில் எழுதி உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நீங்கள் குறுக்கே கேள்வி கேளுங்கள். ஊரில் நீங்கள் பார்த்ததையும் அவளுக்குச் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பிறகு அந்த நான்கு பக்கத்தோடு இருவரும் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை காலைகளில் இருப்பேன்.