புத்தகத்தை யார் விற்பது? – கேள்வி பதில்

தருமபுரிக்காரன் நான். பதிப்பகம் வழியாக 2 புத்தகம், சொந்தச் செலவில் 3 புத்தகம் போட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பாலக்கோடு ஆசிரியை: என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு ஒரு பதிப்பகம் 50,000 ரூபாய் கேட்கிறது. விளம்பரமும் அவர்களே செய்வார்களாம். கொடுக்கலாமா?

டீச்சர், பதிப்பாளர் என்றால் தன் காசைப் போடுவார்; விற்ற பிரதிக்கு உங்களுக்கு ராயல்டி தருவார், தமிழில் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். போட்ட காசை எடுக்க அவர் ஓடியாக வேண்டும். உங்கள் காசில் அச்சடிப்பவருக்கு அச்சடித்த அன்றே லாபம் வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு ஓடுவார்? என் முதல் புத்தகத்தில் நான் பட்டது இதுதான். விளம்பரத்துக்கென்று வாங்கிய பணத்துக்கு முகநூலில் அட்டைப்படம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். 300 பிரதிகள் வீட்டுப் பரணுக்கு வந்தன. அச்சுச் சேவைதான் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எத்தனை கடைக்குப் போகும், மதிப்புரைக்கு எத்தனை பிரதி, எந்தக் கண்காட்சியில் வைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அரூர்: ஐ.எஸ்.பி.என். வாங்க எவ்வளவு செலவு?

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்தான் அது. இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஓசூர்: கிண்டிலில் மட்டும் போட்டால் போதுமா?

கிண்டில் என்பது அமேசானின் மின்னூல் கடை, கைக்காசு போகாது. ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. அச்சுப் புத்தகம் விற்கத் தடையில்லை. அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகத் தரலாம், புது எழுத்தாளருக்கு அது நல்ல உதவி.

காவேரிப்பட்டணம்: ஐ.எஸ்.பி.என். எடுத்துத் தர 3,000 ரூபாய் கேட்கிறார்கள்...

அரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இலவசம்.

பென்னாகரம் பெரியவர்: எழுத்தாளன் தன் புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு அலைவது கேவலம் இல்லையா?

இல்லைங்க ஐயா. கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்காரர் ரோட்டோரம் கூடை வைத்து மாம்பழம் விற்கிறார். அதில் என்ன கேவலம்?

மீண்டும் அவரே: புத்தகம் மாம்பழமா? எல்லாவற்றையும் நானே செய்தால் பதிப்பகம் எதற்கு?

நியாயமான கேள்வி. எடிட்டிங், கடைத் தொடர்பு, சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு, மதிப்புரை எழுதுபவர்களின் பழக்கம், நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை) விண்ணப்பிக்கும் அனுபவம், இவை பதிப்பகத்தின் பலம். தனியாளாக இதைக் கட்ட வருடங்கள் ஆகும். அதைச் செய்யாத பதிப்பகத்தை உரிமையோடு கேளுங்கள், உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் ஒகேனக்கல் பரிசல்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதினால், அதைப் படிக்கத் துடிக்கும் 50 பேர் யார் என்று சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பள்ளி ஆண்டுவிழா, நூலக வாசகர் வட்டம், தருமபுரி புத்தகத் திருவிழா, இங்கெல்லாம் நீங்கள்தான் போய் நிற்க வேண்டும். பதிப்பகம் போட்ட புத்தகத்துக்கும் இதுதான்.

தேன்கனிக்கோட்டை: 2015-இல் வந்த என் நாவல் இப்போது கிடைப்பதில்லை. உரிமை யாரிடம் இருக்கிறது?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுத்து, காலம் குறிப்பிடாமல் விட்டிருந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி 5 ஆண்டுதான் கணக்கு. கையெழுத்திட்ட எழுத்தே இல்லையென்றால் உரிமை உங்களை விட்டுப் போகவே இல்லை. இரண்டில் எதுவானாலும் நீங்களே மறுபதிப்பு போடலாம்.

ஊத்தங்கரை: பதிப்பகம் பணம் கேட்கிறது, கொடுக்கலாமா?

பாலக்கோடு டீச்சருக்கு எழுதிய பதிலை முழுதாகப் படியுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், வரி வரியாகப் பார்க்கலாம்.